நத்தைக்கு வைத்த பெயர்

தமிழக அரசின் அறிவிப்புகளிலும் திட்டக் குறிப்புகளிலும் ஆட்டிசத்தைக் குறிக்க ஒரு தொடர் புழங்கி வருகிறது: 'புற உலகச் சிந்தனையற்றோர்'. அதன் பக்கத்திலேயே 'மதியிறுக்கம்' என்ற சொல்லும் வரும். என் தங்கை மகனுக்குப் பதினொரு வயது. எங்கள் தெருவுக்கு வரும் தண்ணீர் லாரி இரண்டு தெரு தள்ளிப் பிள்ளையார் கோயில் முனையில் திரும்பும்போதே அவன் எழுந்து பின்கட்டுக்குப் போய், நீல நிறக் குடத்தைத் தூக்கிவந்து வாசற்படியில் வைத்துவிடுவான். அக்கம்பக்கத்தார் ஹாரன் கேட்ட பிறகுதான் ஓடி வருவார்கள். மிக்ஸி ஓடுவதற்கு முன்பே, ஜாரின் மூடியை எடுக்கும் ஓசையிலேயே இரு காதுகளையும் பொத்திக்கொள்வான். எங்கள் வீட்டில் புற உலகைப் பற்றிய சிந்தனை யாருக்கு அதிகம் என்று கேட்டால், நான் யோசிக்காமல் அவனைத்தான் கைகாட்டுவேன்.

அந்தத் தொடரை எழுதிய அலுவலரைக் குறை சொல்லிப் பயனில்லை. தன்னுள் அடைந்து கிடப்பவர் என்ற படிமம் அவருக்கு வெகு முன்பே உருவாகி, மருத்துவக் கட்டுரைகளிலிருந்து புத்தகங்களுக்கும் புத்தகங்களிலிருந்து பொதுப் பேச்சுக்கும் வந்து சேர்ந்தது. 'ஆட்டிசம்' என்ற சொல்லையே 1911-இல் ஸ்விஸ் மனநல மருத்துவர் ஒய்கன் ப்ளாய்லர், 'தான்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து, வேறொரு மனநோயின் அறிகுறியைச் சொல்வதற்காகத்தான் உண்டாக்கினார். கடந்த சில ஆண்டுகளாக, ஆட்டிசம் பற்றிய நாவல்களையும் தன்வரலாறுகளையும் பெற்றோர் எழுதிய நூல்களையும், ஒரு மாமனுக்கு இருக்கக்கூடிய சுயநலத்தோடு, கிடைத்தவரையில் படித்து வருகிறேன். பேனா யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து இந்தப் படிமம் எப்படி மாறுகிறது என்பதே அந்த வாசிப்பில் என்னை மிகவும் ஈர்த்தது.

முதலில் பேனாவைப் பிடித்தவர் ஒரு தகப்பனார். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்னும் சிற்றூரில் வழக்கறிஞராக இருந்த அவர், 1938-இல், ஐந்து வயதான தம் மகன் டொனால்டைப் பற்றி பால்ட்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையிலிருந்த குழந்தை மனநல மருத்துவர் லியோ கான்னருக்கு 33 பக்கங்களில் தட்டச்சுக் கடிதம் ஒன்றை அனுப்பினார். பையன் தனியே விடப்பட்டால்தான் மகிழ்ச்சியாக இருக்கிறான், ஏறக்குறைய ஓர் ஓட்டுக்குள் ஒடுங்கித் தனக்குள்ளேயே வாழ்கிறான் என்ற கருத்து அந்தக் கடிதத்தில் வருகிறது. 1943-இல் கான்னர் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரை டொனால்டைக் கொண்டே தொடங்குகிறது. தகப்பனார் சொன்ன அந்த ஓடும் அப்படியே கட்டுரைக்குள் வந்துவிடுகிறது.

மருத்துவ வரலாற்று நூல்கள் அதிகம் பேசாத ஒரு வேடிக்கையும் அக்கட்டுரையில் உண்டு. பெற்றோர் எழுதி வைத்திருந்த விரிவான நாட்குறிப்புகள் இல்லாமல் கான்னரால் அந்தச் சித்திரங்களைத் தீட்டியிருக்கவே முடியாது. ஆனால் கட்டுரையின் இறுதிப் பகுதியில், இத்தனை நுணுக்கமாக எழுதி வைப்பதே பெற்றோரின் பீடிப்பு மனநிலைக்கு நல்ல எடுத்துக்காட்டு என்று அவர் குறிப்பிடுகிறார். தகவல் கொடுத்தவரையே நோய்க்குறியாக்கிவிட்ட கதை. அந்த வரியைப் படித்தபோது எனக்கு என் தங்கையின் நோட்டு நினைவுக்கு வந்தது. ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் கேட்டார் என்று நாற்பது பக்க நோட்டில் தொடங்கி, இப்போது ஐந்தாவது நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறாள். '11.20 - லாரி. 11.35 - குளிக்க மாட்டேன் என்றான், காரணம் புது சோப்பு. 1.10 - தயிர் சாதம், ஊறுகாய் தட்டில் இருந்ததால் சாப்பிடவில்லை, தட்டை மாற்றினேன், சாப்பிட்டான்.' கான்னர் இதைப் பார்த்தால் என்ன சொல்லியிருப்பார் என்று தெரிந்துகொள்ள எனக்கு விருப்பமில்லை.

கான்னரிடமே இதற்கு நேர்மாறான ஒரு பக்கமும் இருக்கிறது. 1942-இல் டொனால்டைப் பெற்றோர் ஊருக்குச் சற்றுத் தொலைவில் ஒரு விவசாயத் தம்பதியின் பண்ணையில் விட்டிருந்தார்கள். 1945-இல் கான்னர் அங்கே போய் அவனைப் பார்த்தார். லூயிஸ் என்ற குடும்பப் பெயர் கொண்ட அந்தத் தம்பதி பெரிய படிப்பாளிகள் அல்லர். பையன் ஓயாமல் எதையாவது அளந்துகொண்டிருந்ததால், கிணறு வெட்ட வைத்து அதன் ஆழத்தை வந்து சொல்லச் சொன்னார்கள். மக்காச்சோள வரிசைகளை மீண்டும் மீண்டும் எண்ணிக்கொண்டிருந்தவனிடம் ஏரைக் கொடுத்து, உழுதபடியே எண்ணச் சொன்னார்கள். கான்னர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவன் குதிரையை லாகவமாகத் திருப்பி ஆறு நீண்ட சால்கள் ஓட்டினான். செத்த பறவைகளையும் பூச்சிகளையும் பொறுக்கிவந்து சேர்த்தபோது, அவற்றைப் புதைக்க ஓர் இடம் ஒதுக்கி, அடையாளப் பலகை நடச் சொன்னார்கள். அவன் ஒவ்வொன்றுக்கும் முதற்பெயர் ஒன்று வைத்து, நடுப்பெயராக உயிரினத்தின் பெயரையும், கடைசியாக அந்த விவசாயியின் குடும்பப் பெயரையும் எழுதினான். ஜான் நத்தை லூயிஸ். பிறந்த தேதி தெரியவில்லை. இறந்த தேதி, அவன் அதைக் கண்டெடுத்த தேதி.

1971-இல் கான்னர் எழுதிய தொடர் ஆய்வுக் கட்டுரையில் இது ஒரு பத்திதான். ஆட்டிசத்தைப் பற்றி எழுதப்பட்ட எத்தனையோ நூல்களில் நான் படித்தவற்றுள் இந்தப் பத்திக்கு ஈடாகச் சொல்லக்கூடியவை மிகச் சிலவே. அதில் உவமை இல்லை, இரக்கம் இல்லை, புதிரை அவிழ்க்கும் ஆர்வம்கூட இல்லை. பையன் என்ன செய்தான், பக்கத்திலிருந்தவர்கள் அதற்கு என்ன செய்தார்கள் என்பது மட்டும்தான் இருக்கிறது. இறந்துபோன நத்தையைத் தன்னை வளர்த்தவரின் குடும்பத்தில் சேர்த்துப் பெயரெழுதுகிற ஒருவனை 'ஓட்டுக்குள் இருப்பவன்' என்று சொல்வது எப்படிப் பொருந்தும் என்ற கேள்வியைக் கான்னர் எழுப்பவில்லை, பத்தியே எழுப்பிவிடுகிறது. டொனால்ட் டிரிப்லெட் பிற்பாடு கல்லூரியில் படித்து, சொந்த ஊரின் வங்கியில் வேலை பார்த்து, கோல்ஃப் ஆடி, பல நாடுகளைச் சுற்றிப் பார்த்து, 2023-இல் 89 வயதில் காலமானார்.

இடைப்பட்ட காலத்தில் ஓடு கோட்டையாகிவிட்டது. 1967-இல், ஒரே ஆண்டில், இரண்டு நூல்கள் வெளிவந்தன. ஒன்று, சிகாகோவில் மனநலச் சிகிச்சைப் பள்ளி நடத்திய புருனோ பெட்டல்ஹைமின் 'வெற்றுக் கோட்டை'. மற்றொன்று, கிளாரா கிளெய்போர்ன் பார்க் என்ற ஆங்கிலப் பேராசிரியை தம் மகளைப் பற்றி எழுதிய 'முற்றுகை'. ஒருவரையொருவர் கலந்துகொள்ளாமல் இருவரும் ஒரே படிமத்தைத் தேர்ந்தெடுத்திருப்பது தற்செயலாக இருக்கலாம்; ஆனால் அதை அவர்கள் பயன்படுத்திய விதம் ஒன்றுக்கொன்று நேரெதிரானது. பெட்டல்ஹைம், நாஜிகளின் வதைமுகாம்களில் தாம் அடைபட்டிருந்த அனுபவத்தைத் துணைக்கழைத்து, தான் இல்லாமலிருப்பதையே பெற்றவர் விரும்புகிறார் என்று உணரும் குழந்தைதான் இப்படிக் கோட்டைக்குள் போய்விடுகிறது என்றார். அன்பில் உறைந்துபோன 'குளிர்பெட்டித் தாய்' என்ற பழியை ஊரெங்கும் பரப்பியவர்களுள் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, ஆட்டிச நிலையிலுள்ள மகனின் தந்தையும் அமெரிக்கக் கடற்படையில் உளவியலாளருமான பெர்னார்ட் ரிம்லண்ட், ஆட்டிசத்தின் வேர் உடலியலில் இருக்கிறது என்று வாதிட்டு ஒரு முழு நூல் எழுதி, அதற்குக் கான்னரே முன்னுரையும் தந்திருந்தார். ஆனாலும் பெட்டல்ஹைம்தான் வாசகர்களைப் பெற்றார். நன்றாக எழுதத் தெரிந்தவர் தவறாகச் சொன்னால் அது நெடுநாள் நிலைக்கும் என்பதற்கு அவரைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

கிளாரா பார்க்கின் நூல், தரையில் ஏதோ ஒரு புள்ளியைச் சுற்றிச் சுற்றித் தவழ்ந்து தனக்குள் மகிழ்ந்திருக்கும் பொன்னிறக் குழந்தையோடு தொடங்குகிறது. குழந்தைக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை. அதுதான் தாய்க்குத் தாங்க முடியாததாக இருந்தது. கோட்டையை வெளியிலிருந்து முற்றுகையிடும் படையாகத் தம்மையே வைத்து அவர் எழுதினார். மருத்துவர்களின் அலட்சியத்தையும், தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் அவர்களது மௌனத்தையும் அவர் விவரிக்கும் பக்கங்களில் கோபம் உண்டு, கூச்சல் கிடையாது. கோட்டைக்குள்ளே வெறுமைதான் இருக்கிறது என்று அவர் ஓரிடத்திலும் சொல்லவில்லை. முதல் நூலில் மகளுக்கு 'எல்லி' என்று புனைபெயரிட்டவர், 2001-இல் எழுதிய இரண்டாம் நூலில் ஜெஸ்ஸி என்ற உண்மைப் பெயரையே எழுதினார். அதற்குள் அந்த மகள், கட்டடங்களையும் இரவு வானத்தையும் அசாதாரண நிறங்களில் தீட்டும் ஓவியராகவும் கல்லூரி ஒன்றின் அஞ்சல் பிரிவில் ஒழுங்காக வேலைக்குப் போய்வருபவராகவும் ஆகியிருந்தார். அந்த நூலின் தலைப்பில் முற்றுகை இல்லை. 'நிர்வாணம்' என்ற நம் ஊர்ச் சொல் இருக்கிறது. மகள் ஒரு பேரின்பத்தைவிட்டு வெளியேறி நம் உலகத்திற்கு வந்தாள் என்பது அதன் பொருள். முப்பத்து நான்கு ஆண்டுகளில் ஒரு தாய் தம் படிமத்தைத் தாமே மாற்றிக்கொண்டார் என்பது எனக்கு அந்த இரு நூல்களின் உள்ளடக்கத்தைவிடப் பெரிய செய்தியாகப் பட்டது.

கோட்டைக்குள் இருப்பவரே எழுதத் தொடங்கியபோது உலகம் முதலில் நம்பவில்லை. கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கால்நடை அறிவியல் பேராசிரியரான டெம்பிள் கிராண்டின், துணை ஆசிரியர் ஒருவருடன் சேர்ந்து 1986-இல் தம் முதல் தன்வரலாற்றை வெளியிட்டார். நரம்பியல் மருத்துவரும் எழுத்தாளருமான ஆலிவர் சாக்ஸ், அதை முதலில் படித்தபோது தமக்குச் சந்தேகமே எழுந்தது என்று ஒளிக்காமல் பதிவு செய்திருக்கிறார். ஆட்டிசம் உள்ளவருக்குத் தம்மைத் தாமே நோக்கிப் பார்க்க இயலாது என்பது அன்றைய மருத்துவ நம்பிக்கை. அப்படியிருக்கத் தன்வரலாறு எப்படிச் சாத்தியம், துணை ஆசிரியர் எழுதியதாகத்தான் இருக்க வேண்டும் என்று அவர் நினைத்தார். பிறகு கிராண்டினின் மற்ற எழுத்துகளையும் படித்து, நேரிலும் சென்று பழகி, தம் கருத்தை மாற்றிக்கொண்டார்.

கிராண்டின் காட்டிய உள்ளுலகில் வெறுமைக்கு இடமே இல்லை. 'கோபுரம்' என்று சொன்னால் நமக்குப் பொதுவாக ஒரு கோபுரம் மனத்தில் எழும். அவருக்கோ தாம் பார்த்த ஒவ்வொரு தேவாலயக் கோபுரமும் தனித்தனிப் படமாக வரிசையில் வந்து நிற்கும். அத்தையின் பண்ணையில், ஊசி போடுவதற்காக மாடுகளை இருபுறமும் அணைத்துப் பிடிக்கும் பொறியில் அவை அமைதியடைவதைக் கண்டு, தமக்கும் ஓர் அணைப்புப் பொறியைச் செய்துகொண்டார். மனிதர் கட்டிப்பிடித்தால் உணர்வு வெள்ளமாகப் பெருகி மூச்சுமுட்டும்; பொறியின் அழுத்தத்தை அவரே கூட்டிக் குறைக்கலாம். தொடுகையே வேண்டாம் என்று விலகுவதாக வெளியிலிருந்து தோன்றியது, தாங்கக்கூடிய அளவில் தொடுகை வேண்டும் என்ற தவிப்பாக இருந்திருக்கிறது. இவரிடமும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. தாம் படங்களாகச் சிந்திப்பதால் ஆட்டிசம் உள்ள எல்லோரும் அப்படித்தான் என்று ஆரம்பத்தில் எழுதிவிட்டார். அப்படி எழுதிய நூலின் பிந்தைய பதிப்பில் அது சரியில்லை என்று தாமே திருத்தினார். ஒருவர் தன்வரலாறு எழுதினால் அவர் தலையில் மொத்தக் கூட்டத்தின் பிரதிநிதித்துவத்தையும் கட்டிவிடுவது வாசகர்களின் வழக்கம். அவரே அதைச் சூட்டிக்கொண்டாலும் நாம் கழற்றி வைத்துவிட்டுப் படிப்பதுதான் நல்லது.

1993-இல் டொரன்டோவில் நடந்த மாநாட்டில் ஜிம் சின்க்ளேர் பெற்றோர்களை நோக்கிப் பேசியது இதைவிட நேரடியானது. ஆட்டிசம் என்பது ஒருவர் அகப்பட்டுக்கொண்டிருக்கும் ஓடு அல்ல, அதற்குப் பின்னால் இயல்பான குழந்தை எதுவும் ஒளிந்திருக்கவில்லை என்றார் அவர். தாமும் ஆட்டிசம் உள்ளவரான அவர், ஒரு தகப்பனாரின் கடிதத்தில் ஓடு வந்து ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஆன பிறகு அதை உடைத்தார்.

நாவல்களுக்கு வருகிறேன். 2003-இல் வெளிவந்து உலகெங்கும் விற்ற மார்க் ஹாடனின் நாவலில், பதினைந்து வயது கிறிஸ்டோபர் தானே கதை சொல்கிறான். அத்தியாயங்களுக்கு வரிசை எண்களுக்குப் பதிலாகப் பகா எண்கள் இடப்பட்டிருக்கின்றன. 7,057 வரையிலான எல்லாப் பகா எண்களும் அவனுக்குத் தெரியும். மிகத் திறமையான நாவல் அது, நான் ஒரே மூச்சில் படித்தேன். 'ஆட்டிசம்' என்ற சொல் கதைக்குள் எங்கும் வருவதில்லை. தாம் அத்துறையில் வல்லுநர் அல்லர் என்று ஆசிரியரே சொல்லியும், ஆசிரியர்களுக்கும் காவல்துறையினருக்கும் பாடநூல்போல அது பரிந்துரைக்கப்பட்டது. கணக்கில் புலி, உணர்ச்சியில் கட்டை என்ற வார்ப்பு, திரைப்படம் ஒன்றால் 1988-இலேயே பிரபலமாகிவிட்டது. நாவல் அதை இன்னும் கொஞ்சம் இறுக்கியது. எங்கள் வீட்டுக்கு வரும் விருந்தினர் பலர் பையனிடம் கேட்கும் முதல் கேள்வி, '2031 ஏப்ரல் 14 என்ன கிழமைடா?' என்பதுதான். அவனுக்குக் கிழமைகளில் ஆர்வமே கிடையாது.

ஆனாலும் அந்த நாவலில் ஓரிடம் என்னைப் பிடித்து நிறுத்தியது. ஸ்விண்டனிலிருந்து ரயிலேறி லண்டனில் இறங்கும் கிறிஸ்டோபரின் கண்ணில் ரயில் நிலையத்தின் விளம்பரப் பலகைகளும் வழிகாட்டிகளும் எச்சரிக்கைகளும் ஒரே நேரத்தில் விழுகின்றன. அவை ஒன்றோடொன்று குழம்பி, சிதைந்த எழுத்துக் குவியலாகப் பக்கத்தில் அச்சிடப்பட்டிருக்கின்றன. பகா எண்களால் ஆன கிறிஸ்டோபரை நான் நம்பவில்லை. அந்தப் பக்கத்தில் நின்ற கிறிஸ்டோபரை நம்பினேன். கல்யாண மண்டபத்தில், கெட்டிமேளமும் ஜெனரேட்டரும் ஸ்பீக்கரும் நூறு பட்டுப்புடவைகளின் சரசரப்பும் சேர்ந்து விழுந்தபோது, என் தங்கை மகன் மேசைக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டதைப் பார்த்தவன் நான்.

கர்நாடகத்தில் வளர்ந்த டிட்டோ ராஜர்ஷி முகோபாத்யாயின் எழுத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பேச்சு மிகக் குறைவாக வரும் அந்தச் சிறுவனுக்குத் தாய் சோமா எழுத்துப் பலகையைக் காட்டியும், பென்சிலைக் கையோடு சேர்த்துக் கட்டியும் எழுதப் பழக்கினார். அவனது முதல் நூலை 2000-இல் பிரிட்டனின் தேசிய ஆட்டிசச் சங்கம் வெளியிட்டது. அதன் முற்பகுதியில் அவன் தன்னை 'நான்' என்று எழுதுவதில்லை, 'அந்தப் பையன்' என்றே எழுதுகிறான். கைகளை ஏன் ஆட்டுகிறாய் என்று கேட்டவர்களுக்கு, தன் உடலே தனக்குத் தொலைந்து சிதறிப்போவதுபோல் இருப்பதால் அப்படி ஆட்டி அமைதி தேடிக்கொள்வதாகப் பதில் எழுதினான். இங்கே ஒரு முள் இருக்கிறது. உதவியாளர் கையைப் பிடித்து எழுத வைக்கும் முறை ஒன்று, 1990-களின் சோதனைகளில், எழுதுவது உதவியாளரே என்று தெரியவந்து மதிப்பிழந்தது. சோமா வகுத்த முறையையும், எழுதப்படுபவை எழுதுபவருடையவைதாமா என்பதற்குச் சான்று போதாது என்று சொல்லி, பயன்படுத்த வேண்டாமென அமெரிக்கப் பேச்சு, மொழி, செவித்திறன் வல்லுநர் சங்கம் 2018-இல் அறிவித்தது. டிட்டோ யாரும் கையைத் தொடாமல் எழுதுவதை நேரில் கண்டவர்களின் பதிவுகளும் இருக்கின்றன. சோதனை வேண்டும் என்பவர்களின் பக்கமே நான் நிற்கிறேன். வாயில்லாதவர் பெயரில் வேறொருவர் எழுதுவது அவருக்கு இழைக்கப்படும் இரண்டாவது அநீதி. ஆனால் சாக்ஸுக்கு கிராண்டின்மேல் எழுந்த சந்தேகத்தையும் நான் மறக்கவில்லை.

தமிழில் யெஸ். பாலபாரதியின் 'துலக்கம்' நாவலும், லக்ஷ்மி பாலகிருஷ்ணனின் 'எழுதாப் பயணம்' என்ற அனுபவ நூலும் என் தங்கையின் அலமாரியில் இருக்கின்றன. இரண்டும் பெற்றோரின் பேனாவிலிருந்து வந்தவை. 'ஆட்டிசக் குழந்தை' என்பதற்குப் பதிலாக 'ஆட்டிச நிலைக் குழந்தை' என்ற வழக்கு எங்கள் வீட்டுப் பேச்சிலும் வந்துவிட்டது அத்தகைய எழுத்துகளால்தான். தமிழிலேயே, அந்த நிலையிலுள்ள ஒருவரே தம் வாழ்வை எழுதும் நூலுக்காக நான் காத்திருக்கிறேன்.

டொனால்டின் பண்ணைப் பத்தியைப் போன வாரம் தங்கைக்குத் தமிழில் சொல்லிக் காட்டினேன். நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, இடையில் ஒன்றும் கேட்காமல் முழுவதும் கேட்டாள். நத்தையின் பலகை வந்தபோது மட்டும் திரும்பச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். "பிறந்த தேதி தெரியலைன்னு எழுதினான் பாருண்ணா," என்றாள். "வேற யாரா இருந்தாலும் சும்மா ஒண்ணு போட்டிருப்பாங்க." அதற்குள் பின்கட்டில் குடம் நகரும் சத்தம் கேட்டது. அவள் கடிகாரத்தைப் பார்த்து நோட்டைத் திறந்தாள்.